மெல்லத் தேயும் நோயோடு வாழ்பவரை வீட்டில் பார்த்துக்கொள்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அப்பாவுக்குப் பார்கின்சன் நோய் என்று தெரிந்த நாளிலிருந்து பதினொரு வருடம் அவரை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டோம். கடைசி மூன்று வருடம் மறதியும் சேர்ந்துகொண்டது. அதற்குப் பிறகு, இதே மாதிரி நோயோடு இருப்பவர்களின் குடும்பங்களோடு தொடர்ந்து பேசி வருகிறேன். மறதி கூடிக்கொண்டே போகும் அல்சைமர், கை நடுங்கி உடம்பு விறைக்கும் பார்கின்சன், தசைகளை இயக்கும் நரம்புகள் ஓய்ந்துபோகும் ஏ.எல்.எஸ்., கைகால் தானாக ஆடி மனமும் மாறும் ஹன்டிங்டன் என்று பெயர் எதுவானாலும், மூளையிலோ நரம்பிலோ உள்ள செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழிந்துகொண்டே போகும் நோய்கள் இவை. வீட்டில் இருப்பவர்கள் கேட்கும் கேள்விகளும் பெரும்பாலும் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. மருந்தின் அளவு எதையும் இங்கே எழுதவில்லை. அதை அவரைப் பரிசோதிக்கும் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

டாக்டர் இப்போதுதான் நோயின் பெயரைச் சொன்னார். முதலில் என்ன செய்வது?

ஒரு வாரம் எதையும் செய்யாமல் இருந்தாலும் பரவாயில்லை. முதல் சந்திப்பில் டாக்டர் சொன்னதில் பாதிகூட மனதில் நின்றிருக்காது. கேள்விகளை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு, கூட இன்னொருவரையும் அழைத்துக்கொண்டு மறுபடி போய்ப் பாருங்கள்.

அப்புறம், நோயாளியிடம் உட்கார்ந்து பேசுங்கள். நாங்கள் தவறவிட்டது இதைத்தான். முதல் ஐந்தாறு வருடம் அப்பா நல்ல தெளிவோடு இருந்தார். அவரைப் பற்றி நாங்கள் எங்களுக்குள் பேசிக்கொண்டே இருந்தோம், அவரிடம் கேட்கவில்லை. கேட்கத் தோன்றியபோது அவர் குரல், வாயருகே காதை வைத்தால்தான் கேட்கும் அளவுக்கு இறங்கியிருந்தது. கொஞ்ச நாளில் யோசனையும் கலங்கிவிட்டது. அவருக்காக நாங்கள் எடுத்த முடிவுகளில் எது அவருக்குச் சம்மதமாக இருந்திருக்கும் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

விழுங்க முடியாமல் போனால் டியூப் வழியாக உணவு வேண்டுமா? மூச்சுக்கு இயந்திரம் வைக்கலாமா? கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியா, வீடா? தன்னால் சொல்ல முடியாதபோது யார் முடிவெடுக்க வேண்டும்? யார் குளிப்பாட்டினால் கூச்சம் இருக்காது? இந்தக் கடைசிக் கேள்வி சின்னதாகத் தெரியலாம், ஆனால் தினமும் எதிரே வந்து நிற்கப்போவது அதுதான். எல்லாவற்றையும் ஒரே நாளில் கேட்க வேண்டாம். சொன்னதை எழுதி, தேதி போட்டு, அவரிடமே கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அவர் சார்பில் பணம், சொத்தைப் பார்த்துக்கொள்ள இன்னொருவருக்கு அதிகாரம் தரும் பத்திரம் (பவர் ஆஃப் அட்டர்னி) எழுதலாம், அதற்கான சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடும். வக்கீலிடம் ஒன்றை மட்டும் அழுத்திக் கேளுங்கள்: "முடிவெடுக்கும் திறன் போன பிறகும் இந்தப் பத்திரம் செல்லுமா?" சாதாரண அதிகாரப் பத்திரம் பல நாடுகளில் சரியாக அந்தக் கட்டத்தில்தான் செல்லாமல் போய்விடுகிறது.

நோய் என்னவென்று தெரிந்தால் அவர் உடைந்துபோவார். மறைத்துவிடலாமா?

கை நடுங்குவதும், பெயர்கள் மறப்பதும், நாக்கு குழறுவதும் பெரும்பாலும் அவருக்குத்தான் முதலில் தெரிந்திருக்கும். எல்லாரும் சேர்ந்து மறைத்தால் அந்தப் பயத்தோடு அவர் தனியாக இருப்பார். அவர் கேட்கிற அளவுக்கு, அவருக்குப் புரிகிற சொல்லில், பொய் கலக்காமல் சொல்லுங்கள். மறதி முற்றியவருக்கு மட்டும் இது பொருந்தாது. நேற்றுக் கேட்டதை மறந்துவிட்டவரிடம் தினமும் புதிதாகச் சொல்லித் தினமும் அழவைக்க வேண்டியதில்லை.

இன்னும் எத்தனை வருடம் இருப்பார்?

ஆளுக்கு ஆள் மிகவும் மாறும். ஏ.எல்.எஸ். வந்தவர்களில் பெரும்பாலோர் அறிகுறி தொடங்கியதிலிருந்து 2 முதல் 5 வருடம் வாழ்கிறார்கள். ஆனால் இயற்பியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங்குக்கு அந்த நோய் 1963-இல், 21 வயதில் கண்டறியப்பட்டது. அவர் 2018 வரை, 76 வயது வரை வாழ்ந்தார். அல்சைமரில் கண்டறிந்த பிறகு சராசரியாக 4 முதல் 8 வருடம் என்பார்கள். 20 வருடம் வாழ்ந்தவர்களும் உண்டு. பார்கின்சனோடு இருபது வருடம் வாழ்வது அபூர்வமே அல்ல.

டாக்டரிடம் கேள்வியை மாற்றிக் கேட்டுப் பாருங்கள்: "அடுத்த ஆறு மாதத்தில் எதற்குத் தயாராக வேண்டும்?" இதற்கு அவரால் தெளிவாகப் பதில் சொல்ல முடியும். அதை வைத்து உங்களால் ஏதாவது செய்யவும் முடியும்.

எங்களுக்கும் பிள்ளைகளுக்கும் வருமா?

அல்சைமரும் பார்கின்சனும் பெரும்பாலானவர்களுக்கு நேரடியாகப் பரம்பரையில் வருவதில்லை. ஏ.எல்.எஸ். நோயில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குக் குடும்ப வழியாக வருகிறது. ஹன்டிங்டன் அப்படியல்ல: தாய் தந்தையரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50 சதவீத வாய்ப்பு. அந்த மரபணு 1993-இல் கண்டுபிடிக்கப்பட்டது, பரிசோதனையும் இருக்கிறது. ஆனால் ஆலோசனை பெறாமல் அந்தப் பரிசோதனைக்குப் போகாதீர்கள், வயது வராத பிள்ளைகளை வற்புறுத்தி அழைத்துப் போகவும் வேண்டாம். தெரிந்துகொள்ளாமலேயே வாழ்கிறேன் என்று ஒரு மகளோ மகனோ சொன்னால், அதுவும் அவர்கள் உரிமைதான்.

குணப்படுத்தும் மருந்து ஏதாவது உண்டா?

இல்லை. ஜேம்ஸ் பார்கின்சன் தன் பெயரால் இன்று அழைக்கப்படும் நோயை விவரித்தது 1817-இல். அலாய்ஸ் அல்சைமர் தன் நோயாளியைப் பற்றி மருத்துவர்கள் கூட்டத்தில் பேசியது 1906-இல். இவ்வளவு காலத்துக்குப் பிறகும் இந்த நோய்களை நிறுத்தும் மருந்து கைக்கு வரவில்லை. அறிகுறிகளைக் குறைக்கும் மருந்துகள் இருக்கின்றன. பார்கின்சனுக்கு லெவோடோபா, மறதிநோய்க்கு டோனெபெசில் போன்றவை. ஏ.எல்.எஸ். நோய்க்கான ரிலுசோல் ஆயுளைச் சில மாதங்கள் நீட்டிக்கிறது. அல்சைமருக்கு 2023-இல் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்ற லெகானெமாப், ஆரம்பக் கட்டத்தில் இருப்பவர்களுக்கு மட்டும்தான். அது நோயின் வேகத்தை ஓரளவு குறைக்கிறது. மூளையில் வீக்கமோ இரத்தக் கசிவோ வரக்கூடும் என்பதால் அடிக்கடி எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்க வேண்டும்.

"முழுதாகக் குணமாக்குகிறோம்" என்று சொல்பவர்களிடம் சேமிப்பைக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு, பிறகு பிசியோதெரபிக்குப் பணமில்லாமல் நின்ற குடும்பங்களை எனக்குத் தெரியும். கையில் இருக்கும் பணம் நீண்ட காலத்துக்கு வேண்டும். தயவுசெய்து அதைக் காப்பாற்றி வையுங்கள்.

லெவோடோபா எடுப்பவர்களின் வீட்டுக்கு ஒரு வார்த்தை. அந்த மாத்திரைக்கு நேரம்தான் உயிர். அரைமணி தள்ளிப் போனாலும் உடம்பு விறைத்து எழ முடியாமல் போகலாம். புரதம் நிறைந்த சாப்பாட்டோடு சேர்ந்து போனால் பலருக்கு அது சரியாக உடம்பில் ஏறாது. அதனால் சாப்பாட்டுக்கு எவ்வளவு முன்னால் கொடுப்பது என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். திடீரென்று நிறுத்தவே கூடாது. வேறு காரணத்துக்காக ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போதுதான் இது தவறிப்போகிறது. ஒருமுறை அப்பாவைக் காய்ச்சலுக்காகச் சேர்த்திருந்தோம். வார்டின் வழக்கமான நேரத்துக்குத்தான் மாத்திரை என்றார்கள். மறுநாள் அவரால் கையைத் தூக்க முடியவில்லை. அதற்குப் பிறகு மாத்திரை நேரங்களைப் பெரிய எழுத்தில் எழுதி, கட்டிலின் தலைமாட்டில் ஒட்டிவிடுவோம். அதே தாளில் இன்னொன்றும் இருக்கும்: வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைட், மனக்குழப்பத்துக்குக் கொடுக்கும் ஹாலோபெரிடால் இரண்டும் பார்கின்சனை மோசமாக்கும், டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள் என்று.

இரண்டே நாளில் மிகவும் மோசமாகிவிட்டார். நோய் முற்றிவிட்டதா?

இந்த ஒரு பதிலை மட்டுமாவது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த நோய்கள் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் நகர்பவை. ஒரு நாளிலோ இரண்டு நாளிலோ ஒருவர் ஆளே மாறிப்போனால், ஆளை அடையாளம் தெரியாமல் உளறினால், பகல் முழுக்கத் தூங்கி வழிந்தால், இல்லாதது கண்ணுக்குத் தெரிகிறது என்றால், வேறு ஏதோ நடந்திருக்கிறது. பெரும்பாலும் சிறுநீர்த் தொற்று, நெஞ்சில் சளித் தொற்று, தண்ணீர் குறைவது, நாலைந்து நாள் மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, புதிதாகத் தொடங்கிய மாத்திரை, சொல்லத் தெரியாத வலி இவற்றில் ஒன்றாக இருக்கும். விழுந்ததில் தலையில் அடிபட்டும் இருக்கலாம். வயதானவர்களுக்குத் தொற்று இருந்தும் காய்ச்சலே இல்லாமல் இருப்பதுண்டு. அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். முகம் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு பக்கக் கைகால் துவண்டாலோ பக்கவாதமாக இருக்கலாம். ஒரு நிமிடமும் காத்திருக்க வேண்டாம்.

"இந்த நோய் அப்படித்தான்" என்று யாராவது சொல்லித் திருப்பி அனுப்பினால், "போன வாரம் இவர் இப்படி இல்லை" என்று திருப்பிச் சொல்லுங்கள். போன வாரம் எப்படி இருந்தார் என்பது வீட்டில் இருப்பவருக்குத்தான் தெரியும். அதற்காகவே தினமும் இரண்டு வரி குறித்து வைப்பது நல்லது: தூக்கம், சாப்பாடு, மலம், நடை.

சாப்பிடும்போது புரையேறுகிறது. என்ன செய்வது?

பேச்சு மற்றும் விழுங்குதல் பயிற்சியாளர் ஒருவரிடம் சீக்கிரம் காட்டுங்கள். கெட்டியானதைவிடத் தண்ணீர்தான் பலருக்கு அதிகம் புரையேறும். அவர் பார்த்துவிட்டு எதை எந்தப் பதத்தில் கொடுக்கலாம் என்று சொல்வார். நேராக உட்காரவைத்து ஊட்டுங்கள், படுத்த நிலையில் வேண்டாம். சிறு வாய், ஒரு வாய் உள்ளே போன பிறகு அடுத்தது. தொலைக்காட்சியை நிறுத்திவிடுங்கள். சாப்பிட்ட பின் அரைமணி நேரமாவது உட்கார்ந்தே இருக்கட்டும். இருமல் வரவில்லை என்பதால் எல்லாம் சரி என்று நினைத்துவிட வேண்டாம். சிலருக்குச் சத்தமே இல்லாமல் உணவு மூச்சுக்குழாய்க்குள் போகும். சாப்பிட்டவுடன் குரல் ஈரமாக, கரகரவென்று மாறுவது அதற்கு அடையாளம். பல்லும் வாயும் சுத்தமாக இருந்தால் நிமோனியா வரும் ஆபத்து குறையும். இதை நிறைய வீடுகளில் விட்டுவிடுகிறார்கள்.

டியூப் விஷயம் நோய்க்கு நோய் மாறும். ஏ.எல்.எஸ். வந்தவருக்கு வயிற்றில் டியூப் வைப்பதாக இருந்தால், மூச்சுத் திறன் மிகவும் குறைவதற்கு முன்பே வைப்பது பாதுகாப்பு. அதனால் இந்தப் பேச்சைத் தள்ளிப்போடக் கூடாது. முற்றிய மறதிநோயில் டியூப் உணவு ஆயுளைக் கூட்டுவதாகவோ நிமோனியாவைத் தடுப்பதாகவோ ஆய்வுகள் காட்டவில்லை. பொறுமையாகக் கையால் ஊட்டுவதையே மருத்துவ அமைப்புகள் பரிந்துரைக்கின்றன. டியூப் வேண்டாம் என்று முடிவெடுத்த குடும்பத்தைப் பார்த்து "பட்டினி போடுகிறார்கள்" என்று சொல்பவர்களின் பேச்சைக் காதில் வாங்காதீர்கள். அந்தக் கட்டத்தில் உடம்புதான் உணவைக் கேட்பதை நிறுத்துகிறது.

சொந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு "வீட்டுக்குப் போகணும்" என்கிறார். எதைச் சொன்னாலும் நம்பவில்லை.

"இதுதான் உங்கள் வீடு" என்று நிரூபிக்கப் போகாதீர்கள். அவர் கேட்பது பல சமயம் சுவரையும் கூரையையும் அல்ல. பயமில்லாமல் இருந்த ஒரு காலத்தை, அம்மா அப்பாவோடு இருந்த இடத்தைக் கேட்கிறார். "போகலாம், அங்கே யார் யார் இருப்பாங்க?" என்று கேளுங்கள். சொல்லத் தொடங்கினால் முகம் மாறுவதைப் பார்ப்பீர்கள். சாயங்காலம் இது கூடும். இருட்டுவதற்கு முன்பே விளக்கைப் போட்டுவிடுங்கள், பசியா, சிறுநீர் வருகிறதா என்று பாருங்கள்.

"என் பணத்தைத் திருடிவிட்டாய்" என்ற பழி, கூடவே இருந்து பார்த்துக்கொள்பவர் மீதுதான் விழும். வைத்த இடம் மறந்துபோகிறது. காணாமல் போனதற்கு மூளை ஒரு காரணம் தேடுகிறது. பக்கத்தில் இருப்பது நீங்கள். வலிக்கும், ஆனால் வாதாட வேண்டாம். "வாங்க, தேடலாம்" என்று எழுந்திருங்கள்.

அடிக்கிறார், தள்ளுகிறார். பயமாக இருக்கிறது.

குளிப்பாட்டும்போதும் உடை மாற்றும்போதும்தான் பெரும்பாலும் இது நடக்கும். யாரோ ஒருவர் வந்து தன் துணியை அவிழ்க்கிறார் என்று அவருக்குத் தோன்றலாம். முன்னால் வந்து, செய்யப்போவதைச் சொல்லி, உடம்பில் ஒரு துண்டைப் போர்த்தியபடி செய்து பாருங்கள். தினமும் குளித்தே ஆக வேண்டும் என்பதில்லை, ஈரத்துணியால் துடைத்தால் போதும். வலி இருக்கிறதா என்று டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். தூக்க மருந்துகளும் மனநோய் மருந்துகளும் கடைசியாகத்தான் வர வேண்டும். மறதியோடு பார்கின்சன் போன்ற அறிகுறிகளும் வரும் லூயி பாடி வகை மறதிநோயில் சில மனநோய் மருந்துகள் உயிருக்கே ஆபத்தாகலாம். உங்களுக்கு அடிபடும் நிலை என்றால் அறையைவிட்டு வெளியே வாருங்கள், ஆளைக் கூப்பிடுங்கள். தாங்கிக்கொண்டு நிற்பது கடமையில் சேராது.

படுக்கைப்புண் வராமல் எப்படிப் பார்ப்பது?

அசைய முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவையுங்கள். குதிகால், இடுப்பின் பின்புறம், இடுப்பெலும்பு ஆகியவற்றைத் தினமும் பாருங்கள். அழுத்தி எடுத்த பிறகும் வெளிறாத சிவப்பு தெரிந்தால் புண் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அங்கே தேய்த்துவிடக் கூடாது. வளையம் போன்ற குஷன் வேண்டாம், அது சுற்றியுள்ள இடத்தை அழுத்தும். ஏர் பெட் உதவும், ஆனால் அது இருக்கிறதென்று புரட்டுவதை விட்டுவிட முடியாது.

பேச்சு போய்க்கொண்டிருக்கிறது. எப்படிப் புரிந்துகொள்வது?

குரல் இருக்கும்போதே பதிவு செய்யுங்கள்: பெயர்களைக் கூப்பிடுவது, சிரிப்பு, வழக்கமாகச் சொல்லும் நாலு வார்த்தை. ஏ.எல்.எஸ். நோயில் கைகால் ஓய்ந்த பிறகும் பெரும்பாலும் கண் அசைவு மிஞ்சியிருக்கும். கணினித் திரையைக் கண்ணால் இயக்கும் கருவிகள் இருக்கின்றன. கையில் ஒன்றுமில்லை என்றாலும் ஒரு அட்டை போதும். தமிழில் 247 எழுத்தையும் அதில் எழுத வேண்டியதில்லை. உயிர் 12, மெய் 18, மொத்தம் முப்பது கட்டம். விரலால் வரிசை வரிசையாகக் காட்டிக்கொண்டே போங்கள். வேண்டிய இடத்தில் அவர் கண்ணை மூடித் திறப்பார். 'ப்' என்றும் அடுத்து 'ஆ' என்றும் காட்டினால் 'பா'. பழகிய குடும்பங்களில் இரண்டாவது எழுத்திலேயே சொல்லை ஊகித்துவிடுவார்கள். ஆனாலும் ஊகத்தைச் சொல்லிவிட்டு, சரிதானா என்று அவர் கண்ணைப் பார்த்துக் கேளுங்கள்.

காரணமில்லாமல் அழுவதோ சிரிப்பதோ ஏ.எல்.எஸ். நோயில் சிலருக்கு வரும். அது மனதிலிருந்து வருவதல்ல, நரம்பிலிருந்து வருவது. மருந்து உண்டு.

உடன்பிறந்தவர்கள் போனில் அறிவுரை மட்டும் சொல்கிறார்கள்.

எல்லா வீட்டிலும் இருக்கிற கேள்வி. "உதவி செய்யுங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் யாரும் வரமாட்டார்கள். வேலையைப் பெயர் சொல்லிக் கொடுங்கள்: மருந்து வாங்கி அனுப்புவது, டாக்டரிடம் நேரம் வாங்குவது, கணக்குப் பார்ப்பது, ஞாயிற்றுக்கிழமை இரவு. தூரத்தில் இருப்பவரால் வருடத்தில் பத்து நாள் வந்து, முழுப் பொறுப்பையும் எடுத்துக்கொண்டு, உங்களை வெளியே அனுப்ப முடியும். என் தம்பி ஒருமுறை இரண்டு வாரம் வந்து இரவு முழுவதையும் தனியாகப் பார்த்துக்கொண்டான். அதற்குப் பிறகு போனில் அவன் முதலில் கேட்பது "அம்மா தூங்கினாங்களா?" என்பதுதான். பணம் யார் போடுவது என்பதையும் ஆரம்பத்திலேயே எழுதி வைத்துவிடுங்கள். அப்பா போன பிறகு தொடங்கும் சண்டைகள் பலவும் அங்கிருந்துதான் வருகின்றன.

அவரிடம் கத்திவிட்டேன். சில சமயம், போய்ச் சேர்ந்தால் தேவலை என்றுகூடத் தோன்றுகிறது.

ஒரு ராத்திரியில் மூன்றாவது தடவை படுக்கை நனைந்தபோது நானும் கத்தினேன். அப்பா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்த முதுகு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. மறுநாள் மன்னிப்புக் கேட்டேன், அவருக்கு நினைவிருந்ததா என்று தெரியவில்லை.

கத்தியது தப்புதான். ஆனால் நீங்கள் கெட்டவர் என்று அதற்கு அர்த்தமில்லை. பல வாரமாகத் தூங்கவில்லை என்று அர்த்தம். முடியட்டும் என்று தோன்றுவதும் அப்படித்தான், பலரும் என்னிடம் குரலைத் தாழ்த்திச் சொன்ன ஒன்று அது. ஆள் எதிரே இருக்கும்போதே அவரைக் கொஞ்சம் கொஞ்சமாக இழப்பதை, பாலின் பாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களிலிருந்தே ஒரு தனி வகைத் துக்கமாக எழுதி வந்தார். சாவு நடக்கவில்லை என்பதால் யாரும் துக்கம் விசாரிக்க வருவதில்லை. நீங்கள்தான் யாரிடமாவது சொல்ல வேண்டும்.

வாரத்தில் ஒரு முழு இரவாவது தூங்க வழி செய்துகொள்ளுங்கள். உங்கள் மாத்திரை, உங்கள் முதுகு வலி, உங்கள் இரத்த அழுத்தம் எல்லாவற்றையும் டாக்டரிடம் காட்டுங்கள். கை ஓங்கிவிட்டீர்கள் என்றாலோ, உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றினாலோ அன்றைக்கே ஒருவரிடம் சொல்லுங்கள், அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

பராமரிப்பு இல்லத்தில் சேர்ப்பது துரோகமா?

இல்லை. இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டியவரை ஒருவர் தூக்கி, இருவரும் விழுவதைவிட அது நல்லது. ஆனால் சேர்த்தபின் அடிக்கடி போங்கள், சொல்லாமல் வேறு வேறு நேரத்தில் போங்கள். சேர்ப்பதற்கு முன் அங்கே சாப்பாட்டு நேரத்தில் ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள். ஊட்டுபவர்களின் கை எவ்வளவு அவசரப்படுகிறது என்பதிலேயே நிறையத் தெரிந்துவிடும்.

நோய்த்தணிப்புச் சிகிச்சை என்றால் கைவிட்டுவிட்டார்கள் என்று அர்த்தமா?

இல்லை. நோயைக் குணமாக்க முடியாதபோதும் வேதனையைக் குறைப்பதுதான் இந்தச் சிகிச்சை. 1967-இல் லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் என்ற மருத்துவர், கடைசிக் காலத்தில் இருப்பவர்களுக்காகத் தொடங்கிய இல்லத்திலிருந்து (ஹாஸ்பிஸ்) இந்த முறை பரவியது. முதலில் புற்றுநோய்க்காரர்களை மனதில் வைத்துத் தொடங்கினாலும், இன்று நரம்பு நோய்களுக்கும் அதுவே சரியான துணை. நோய் கண்ட நாளிலிருந்தே மற்றச் சிகிச்சையோடு சேர்த்துத் தொடங்கலாம். வலி, மூச்சுத்திணறல், பதற்றம், எச்சில் தேங்குவது, குடும்பத்தின் பயம் எல்லாம் அவர்கள் பார்க்கும் வேலை. ஏ.எல்.எஸ். நோயில் மூச்சுத்திணறலுக்குக் குறைந்த அளவில் மார்ஃபின் கொடுப்பார்கள். சரியான அளவில் கொடுத்தால் அது நிம்மதியைத் தரும், உயிரைப் பறிக்காது. நாங்கள் அவர்களைக் கடைசி ஆறு வாரத்தில்தான் கூப்பிட்டோம். இரண்டு வருடம் முன்பே கூப்பிட்டிருக்க வேண்டும்.

எல்லாம் முடிந்த பிறகு?

முதலில் ஒரு நிம்மதி வரும், அதற்குப் பின்னாலேயே அந்த நிம்மதிக்காக ஒரு குற்ற உணர்வும் வரும். இரண்டும் வழக்கமானவைதான். பல வருடம் ஒருவரின் மாத்திரை நேரத்தை வைத்தே ஓடிய நாளுக்கு, திடீரென்று நேரமே இல்லாமல் போய்விடும். ஏர் பெட்டையும் வீல்சேரையும் உடனே கொடுத்துவிட வேண்டும் என்றும் இல்லை, வைத்திருக்க வேண்டும் என்றும் இல்லை. உங்களுக்கு எப்போது முடிகிறதோ அப்போது செய்யுங்கள். தூக்கமும் பசியும் மாதக்கணக்கில் திரும்பாவிட்டால் டாக்டரைப் பாருங்கள்.

அப்பா போய் நாலு மாதம் வரை, ராத்திரி இரண்டு மணிக்கு அம்மா எழுந்து உட்கார்ந்துகொள்வார். அப்பாவைப் புரட்டிப் படுக்கவைக்கும் நேரம் அது. விளக்கைப் போடாமல் நானும் எழுந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன்.